பதினோராவது தகடு

நாங்கள் செய்தது பெயர்த்தகடு. மோட்டார், பம்பு செட், தறி, எதை வாங்கினாலும் அதன் உடம்பில் எங்காவது ஒரு சிறிய தகடு திருகப்பட்டிருக்கும். குதிரைத்திறன், வோல்ட், வரிசை எண். அந்த எழுத்துகளை அமிலத்தில் அரித்து எடுப்பதுதான் கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியின் தொழில். தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சு ஒன்றைத் தடவுவோம். எழுத்து வரவேண்டிய இடத்தில் பூச்சை ஊசியால் கீறிவிட்டுத் தொட்டியில் இறக்குவோம். கீறிய இடம் மட்டும் அரித்துப் பள்ளமாகும். பூச்சைத் துடைத்துப் பள்ளத்தில் மை நிரப்பினால் தகடு தயார்.

தொட்டி என் பொறுப்பு. வேதியியலில் பி.எஸ்ஸி. என்பதற்காக எடுத்திருந்தார்கள். ஆனால் தொட்டிக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும். மீதி நேரம் ஆரோக்கியமேரியின் பக்கத்தில் உட்கார்ந்து, பூச்சில் விழுந்த ஓட்டைகளை மெல்லிய பிரஷ்ஷால் அடைப்பேன். கோணிய எழுத்தைத் திருத்துவேன். மூன்று வருஷத்தில் கை பழகிவிட்டது. ஃபோர்மன் அரசப்பன் என்னை வைதேஹி என்று கூப்பிட்டதே இல்லை.

"இன்னாம்மா பியெஸ்ஸி, இந்த எட்டு ஏன் மூணு மாதிரி கீது?" என்பார்.

திருவள்ளூரிலிருந்து தினமும் போய்வந்தேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி, கூடூர் பாசஞ்சருக்குக் காத்திருக்க வேண்டும். போக இரண்டரை மணி நேரம். திரும்பி வர அதைவிடக் கூட ஆகும். நகக்கண்ணில் எப்போதும் தொட்டியின் மஞ்சள் கறை இருக்கும். அம்மா அதைப் பார்க்கிறபோதெல்லாம் மஞ்சள் அரைத்த கை என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்பாள்.

சின்னதுரை கம்பெனியின் ஓவியர். கடம்பத்தூர்க்காரர், அதனால் அதே ரயில். நான் ஏறும்போது அவர் ஏற்கெனவே வேறு பெட்டியில் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷத்தில் ரயிலில் நாங்கள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும்.

முதலாளி தேவராஜனுக்குத் திருவள்ளூர் பூர்வீகம். கோயிலில் தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிறவர்களின் உருவங்களைச் செம்புத் தகட்டில் வரைந்து, நல்ல காகிதத்தில் அச்சிட்டு, நூறு பிரதி கட்டி, தை அமாவாசையன்று ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. போட்டோ எடுத்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, போட்டோ மங்கிவிடும் என்றார். வேலை சின்னதுரைக்கு வந்தது. யார் யாரை வரைவது என்று பெயர்களை எழுதிக் கொடுத்தது நான். எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். பதினோராவது பெயர் எம்பார், என் அப்பா.

அப்பாவுக்குத் தீர்த்தக் கைங்கரியம். விடியுமுன் குளத்திலிருந்து குடத்தில் நீர் எடுத்துத் தோளில் வைத்துச் சந்நிதிக்குக் கொண்டுபோவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை, உற்சவ நாளில் முப்பது. வலத் தோளில் குடம் உட்காரும் இடம் காய்த்துக் கறுத்திருக்கும். இரவு சாப்பிடும்போது அந்தக் கையைத் தூக்கமாட்டார். இடக் கையால் மோர்ப் பாத்திரத்தை நகர்த்திக்கொள்வார்.

சின்னதுரை இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு வந்தார். பூச்சுத் தடவிய தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தவரைப் பார்த்து நேராக ஊசியால் கீறினார். காகிதத்தில் ஒத்திகை கிடையாது. மறுநாள் தொட்டியில் இறக்குவது நான். பூச்சைத் துடைத்ததும் செம்புக்குள்ளிருந்து எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் எழுந்து வருவார். மூக்கின் எலும்பு, கழுத்துக் குழி, தூங்காத கண். தொட்டியில் எத்தனையோ தகடு இறக்கியிருக்கிறேன், அந்தத் தகடுகளை மட்டும் துடைத்தபின் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பேன்.

பத்துத் தகடு முடிந்தது. கார்த்திகைக் கடைசியில் சின்னதுரைக்கு மஞ்சள் காமாலை. இரண்டு மாதம் படுக்கை என்றார்கள். ஊசியால் கீறி முடித்த பதினோராவது தகடு, தொட்டியில் இறங்காமலே, அவர் மேஜை இழுப்பறையில் பூச்சோடு அப்படியே கிடந்தது. அதை விட்டுவிட்டு, மற்ற பத்தையும் முதலாளி சென்னையில் அச்சடித்துப் பார்த்தார்.

மார்கழி பிறந்து இரண்டாவது வாரம், அந்தப் பத்துக் காகிதங்களையும் காரில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். படத்தில் இருந்தவர்களும் கூடத்தில் கூடினார்கள். பிரபந்தம் சேவிக்கும் வேங்கடேசன் மாமா தன் படத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நன்னா இருக்கு. என் மூக்கு இப்படின்னு எனக்கே தெரியாது."

"ஊருக்கே தெரியும்" என்றார் பக்கத்தில் இருந்த மடப்பள்ளி மாமா.

வேங்கடேசன் மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏண்டி வைதேஹி, எனக்கு எதுக்குப் பூணூல் இடமா இருக்கு?"

ஒவ்வொருவரும் அவரவர் காகிதத்தைக் குனிந்து பார்த்தார்கள். பத்திலும் அப்படியே இருந்தது.

பூணூல் எப்போதும் இடத் தோளில் ஏறி வலப்பக்கம் இறங்கும். இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் செய்யும்போது மட்டும் அதை வலத் தோளுக்கு மாற்றி இடப்பக்கம் தொங்கவிடுவார்கள். அதற்கு 'இடம்' என்று பெயர். எள்ளையும் தண்ணீரையும் விட்டு முடித்ததும் உடனே பழையபடி மாற்றிக்கொள்வார்கள். அமாவாசையன்று குளக்கரையில் ஆயிரம் பேர் அப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

"என் தோப்பனார் போய் முப்பது வருஷம் ஆறது. அமாவாசைக்கு அமாவாசை இடம் போட்டுக்கறேன், வாஸ்தவம். அதுக்காகச் சதா சர்வ காலமும் எள்ளும் தண்ணியுமாவா நிக்கறது?" என்றார் மாமா. "இதை ஆத்துல மாட்டினா எங்காத்துக்காரி என்னன்னு நினைப்பா?"

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நீ பாக்கலியா?" என்று என்னை மட்டும் கேட்டாள்.

பார்த்திருந்தேன். பத்துத் தகட்டையும் துடைத்தது நான்தான். தகட்டில் சரியாகவே இருந்தது. அதுதான் தப்பு.

பெயர்த்தகட்டை யாரும் காகிதத்தில் அச்சடிப்பதில்லை. தகடேதான் சரக்கு. அதில் நேராக எழுதினால் நேராக இருக்கும். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த எவனும், எழுத்துக் கோக்கிற பையன் உள்பட, தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பான். எங்கள் கம்பெனியில் மூன்று வருஷம் உட்கார்ந்த எனக்கும், எட்டு வருஷம் உட்கார்ந்த சின்னதுரைக்கும் அது தோன்றவே இல்லை. பத்துப் பேரின் முகமும்கூடத்தான் திரும்பியிருந்தது. மடப்பள்ளி மாமாவின் மரு கன்னம் மாறியிருந்தது. அதை ஒருவரும் சொல்லவில்லை. அவரே சொல்லவில்லை. முகம் மாறியது யாருக்கும் தெரியவில்லை. நூல் மாறியது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் முதலாளி தொட்டி அறைக்கே வந்தார்.

"அமாவாசைக்கு இருபத்தாறு நாள் இருக்கு. அவன் எழுந்து வர மாட்டான். நீ மாத்திடு. பூணூல் மட்டும்தானே."

செம்பில் கோடு போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம் என்று சொல்ல நினைத்தேன். முதலாளியிடம் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

"ஆகாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. நல்ல செம்பு. வெட்டி, பின்பக்கம் பம்பு செட்டுக்குப் போட்டுக்கலாம்."

அரசப்பன் தகடுகளை எடுத்து எடை பார்ப்பதுபோலக் கையில் ஏந்தினார். "ஒண்ணுல பதினாறு பேர் போடலாம் நைனா" என்றார் முதலாளியைப் பார்த்து.

"ஆகும்" என்றேன்.

பள்ளமாகிவிட்ட கோட்டை எடுக்க ஒரு வழிதான் உண்டு. சுற்றியுள்ள செம்பை அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். பிறகு மழுங்கிய எஃகுக் கம்பியால் எண்ணெய் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். சுரண்டிய இடம் குழிவதால் தகட்டைக் கவிழ்த்துப் பின்னாலிருந்து சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். தோளிலிருந்து இடுப்புவரை மூன்று இழை. அதோடு விஷயம் முடிவதில்லை. பூணூலை எடுத்தால் அந்த இடத்தில் மார்பும் இருக்காது. ஒரு விரல் அகலத்துக்கு வெறும் செம்புப் பட்டை நிற்கும். மறுபடி பூச்சைத் தடவி, விலா எலும்பை, தோல் சுருக்கத்தை, முடியை நானே கீறிச் சேர்க்க வேண்டும். அதற்கு அப்புறம் மறு தோளில் நூல். மறுபடி தொட்டி.

ஆரோக்கியமேரி வேடிக்கை பார்த்தாள். என் வயதுதான். கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருகிறவள்.

"எத்தினி மாரு ஆச்சு?"

"நாலு."

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு நல்ல வேலை குடுத்தாரு மொதலாளி. இந்த அய்யருக்கு முடியே காணோமே, பூசணிக்கா மாதிரி கீறாரு."

"சும்மா இரு மேரி."

"நான் இன்னா, உள்ளதத்தான் சொல்றேன். ஒனக்கு வேணும்னா ரெண்டு முடி போட்டு வுடு. சந்தோசப்படுவாரு."

சிரிப்பு வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது. மார்கழி என்பதால் வீட்டில் மூன்றரைக்கே எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ரயிலில் உட்கார்ந்ததும் தலை ஜன்னல் கம்பியில் இடிக்கும். பேசின் பிரிட்ஜில் இரண்டு முறை இறங்காமல் சென்ட்ரல்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே சுரண்ட என்னால் முடியவில்லை. வேங்கடேசன் மாமா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். அதனால் ஒவ்வொரு தகட்டிலும் கழுத்துக்கு மேலே பழுப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டேன். கைக்கு வாகாகத் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டேன். தலைகீழாக வைத்தால் எது இடம், எது வலம் என்று ஒவ்வொரு முறையும் குழம்பியது. அதற்காக எனக்கு நானே ஒரு விதி செய்துகொண்டேன். நூல் இருக்கிற தோளிலிருந்து எடு, இல்லாத தோளில் போடு. அதற்குமேல் யோசிக்காதே.

பத்தாவது முடிந்தபோது தை பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வலது ஆள்காட்டி விரலில் தொடு உணர்ச்சி போய்விட்டது. இழுப்பறையிலிருந்து பதினோராவதை எடுத்தேன். கீறலை உற்றுப் பார்க்காமலேயே தொட்டியில் இறக்கி எடுத்து, மண்ணெண்ணெயில் பூச்சைத் துடைத்தேன். அப்பா. வழக்கம்போலக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கவில்லை. மற்ற பத்தையும் விட இதைப் பார்த்தால் கை ஓடாது என்று, முகம் சரியாகத் தெரிவதற்குள்ளேயே காகிதத்தை ஒட்டினேன். தலைகீழாகத் திருப்பினேன்.

இரண்டு நாளில் முடித்தேன். புது நூல் ஏறிய தோளில் ஒரு கறுத்த வட்டம் இருந்தது. குடத்தின் காய்ப்பு. இதைக்கூட விடாமல் பார்த்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, அதைக் கெடுக்காமல் மூன்று இழையையும் அதன்மேல் மெல்லியதாக ஏற்றினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பாவின் பூணூலும் காய்ப்பும் இருபத்து மூன்று வருஷமாக என் கண் முன்னால் வேறு வேறு தோளில் இருப்பவை.

சனிக்கிழமை காலை தகடுகளைத் துணிப்பையில் சுமந்து ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். கோபால் என்பவரின் அச்சகம். விசிட்டிங் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் செம்புத் தகட்டில் அடிக்கிறவர். தகட்டில் மையைத் தடவித் துடைத்தார். பள்ளத்தில் மட்டும் மை தங்கியது. நனைத்த காகிதத்தை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, சக்கரத்தைச் சுற்றி உருளைக்கடியில் விட்டார். பத்து வந்தது. பத்துப் பேருக்கும் நூல் இடத் தோளில். சுரண்டிய இடம் உற்றுப் பார்த்தால் லேசான புகை மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான்.

பதினோராவது காகிதத்தை கோபால் ஓரத்தைப் பிடித்து உரித்தார். அப்பாவுக்குப் பூணூல் வலத் தோளில் இருந்தது.

"இதுவும் நல்லா வந்துகீதும்மா" என்றார்.

தகட்டையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தகட்டில் என் கைதான் நூலை அந்தப் பக்கம் போட்டிருந்தது. அப்படியானால் நான் தொடுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் இருந்தது? காய்ப்பைப் பார்த்தேன். காகிதத்தில் அது வலத் தோளில் இருந்தது. வீட்டில் இருக்கிறபடியே. இந்த ஒரு முகம் மட்டும் திரும்பவில்லை.

சின்னதுரை இந்த ஒன்றைச் சரியாகச் செய்திருந்தார். அதைத்தான் நான் சுரண்டியிருந்தேன்.

இன்னும் ஈரம் காயாத காகிதங்களுக்கு நடுவே மெல்லிய தாள்களை வைத்து, இரண்டு அட்டைகளுக்குள் இறுக்கிக் கட்டினேன். ரயிலில் மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டேன். திருவள்ளூர் வந்தது. இறங்கவில்லை. யாரிடம் சொல்வது என்று யோசித்ததில், சின்னதுரையைத் தவிர வேறு பெயர் வரவில்லை.

கடம்பத்தூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் நெல் அறுத்த வயல்களைத் தாண்டி வீடு. அவர் அம்மா மணியம்மாள் முற்றத்தில் நெல் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பெனி பொண்ணா? வாம்மா. ஒண்ணரை மாசமா ஒருத்தரும் வரல. அவன் வாய் திறந்து பேசியே எத்தினி நாளாவுது. இன்னாத்தக் கேட்டாலும் உம் உம்முன்றான். நீயாச்சும் பேசிட்டுப் போ."

சின்னதுரை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"இன்னாங்க, இவ்ளோ தூரம்?"

நடந்ததைச் சொன்னேன். கூடத்தில் வேங்கடேசன் மாமா கேட்டது, பம்பு செட், இருபத்தாறு நாள். அவருக்கு அதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. யாரும் சொல்லியிருக்கவில்லை. பத்துக் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். சுரண்டிய இடத்தை விரலால் தொடாமல் காற்றில் தடவினார்.

"விலா எலும்பு நீங்க போட்டதா?"

"ஆமாம்."

"எனக்கே பிரிச்சுச் சொல்ல வரல."

பத்தையும் எண்ணிவிட்டு, "பதினொண்ணு?" என்றார். "அதுல ஒண்ணும் பேஜாரு இருந்திருக்காதே. உங்க நைனா படம் வரையப் போன அன்னிக்கு அவரு செவுத்துக் கண்ணாடியப் பாத்து நாமம் இட்டுகினு இருந்தாரு. பின்னாடி நின்னு நானும் கண்ணாடியப் பாத்தேன். பூணூல் அந்தாண்ட இருந்துச்சு. அப்பதான் எனக்கு மண்டையில ஏறிச்சு, அச்சுலயும் இப்படித்தானே திரும்பும், ஐயோ, பத்தும் போச்சுன்னு. அவர அப்படியே உக்காரச் சொல்லி, கண்ணாடிக்குள்ள தெரிஞ்சதப் பாத்தே வரைஞ்சேன். மறுநாள் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். ரயில்லயே வாந்தி வந்துடுச்சு. தகட்ட இழுப்பறையில போட்டுட்டு அப்படியே திரும்பிட்டேன்."

அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அட்டையைப் பிரிக்கவில்லை. பிறகு பிரித்து, மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்துப் போட்டுவிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். மணியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார்.

"முகத்த மூடிட்டேன்" என்றேன். "பாத்துகிட்டே சுரண்ட முடியல. தலைகீழா வச்சிருந்தேன். பழக்கத்துல."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பில்லாதவர் போல இருந்தார்.

"திரும்பவும் மாத்தட்டுமா?"

"தாங்காதுங்க. ஒரு தபா சொரண்டின எடம். இன்னொரு தபா சொரண்டினா செம்பு காயிதமாப் பூடும்." காகிதத்தைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். "ஒண்ணாவது சரியா வந்துகீதுன்னு நெனச்சிகினு படுத்திருந்தேன். ஒண்ணரை மாசமா அதான்."

நான் கீழே உதிர்ந்த மெல்லிய தாள்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கடைசித் தாள், அப்பாவின் படத்திலிருந்து நான் உரித்துப் போட்டது. அந்த மைதான் மற்றவற்றைவிட ஈரமாக இருந்தது. அதன்மேல் நான் கையை ஊன்றி வேறு உட்கார்ந்திருந்தேன். தாளில் வெளிறிய நிழல் ஒன்று இறங்கியிருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

அப்பா. மூக்கு, தாடை, தோள். எல்லாம் இன்னொரு முறை திரும்பியிருந்தது. பூணூல் இடத் தோளில் ஏறி வலப்பக்கம் இறங்கியது.

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"அச்சுலேர்ந்து அச்சு" என்றார் மெதுவாக. "ஈரமா இருக்கும்போதே இன்னொரு காயிதத்த மேல வச்சு உருளையில வுட்டா இதவிடத் தெளிவா வரும். இல்ல?"

"வரும். ஆனா பாதி மைதான் இறங்கும். வெளுத்துதான் இருக்கும்."

"எனக்கு மட்டும் இன்னா, நானும் வெளுத்துதான் கீறேன்." முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. பிறகு பத்துக் காகிதத்தையும் தனியாக, அந்தத் தாளைத் தனியாக வைத்தார்.

"இந்தப் பத்துலயும் அடியில என் பேரு போடச் சொல்லுங்க. இதுல வேணாம்."

"ஏன்? இதுதான் நீங்க..."

"நான் போட்டது இது இல்லீங்க." குரலில் ஒன்றுமில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் போட்டது செம்புலயும் இல்ல, காயிதத்துலயும் இல்ல. வுடுங்க. சாயந்திர வண்டி போயிடும்."

மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கோபால் மூன்று நாள் உருளையைச் சுற்றினார். பதினோராவதற்கு மட்டும் ஒவ்வொரு பிரதிக்கும் இரண்டு முறை. முதலில் அடித்த காகிதத்தின் மேல் இன்னொன்றைப் போட்டு மறுபடி அழுத்தி, முதல் காகிதத்தைத் தூர எறிய வேண்டும். "இது இன்னாம்மா ஊர்ல இல்லாத வேலை" என்று ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அரசப்பன் கட்டி முடித்த முதல் பிரதியைப் புரட்டிவிட்டு, "கடைசி ஆளுக்கு மை தீந்துபோச்சா பியெஸ்ஸி?" என்றார். முதலாளி பூணூலை மட்டும் பதினொரு முறை சரிபார்த்தார். பத்துப் படங்களின் அடியில் சின்னதுரையின் பெயர் இருந்தது. கடைசிப் படத்தின் அடியில் எதுவும் இல்லை. அதை முதலாளி கவனிக்கவில்லை.

தை அமாவாசையன்று ஊர் முழுக்க வெளியூர் ஜனம். தர்ப்பணம் முடிந்து நனைந்த வேஷ்டியோடு தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். அப்பா வரும்போது மணி மூன்றாகிவிட்டது. அன்று நாற்பது நடை. கூடத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டினார். அம்மா தொகுப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வேங்கடேசன் மாமாவைப் பார்த்து, "இப்ப சரியா இருக்கான்" என்றார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பூணூலைப் பார்த்தார். பிறகு தன் தோளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"காய்ப்பு இந்தத் தோளுக்கு வந்துடுத்தே."

மற்ற பத்துப் பேரில் ஒருவரும் தன் முகம் திரும்பியதைக் கண்டதில்லை. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அவர் சரியாத்தான் போட்டிருந்தார் அப்பா. கண்ணாடியப் பாத்து. நான்தான் மாத்திக் கெடுத்துட்டேன். அப்புறம் வேற வழியில்லாம இப்படி."

"வெளுத்திருக்கேன்."

"ஆமாம்."

அம்மா எட்டிப் பார்த்து, "பூணூல் சரியாத்தானே இருக்கு?" என்றாள். அவளுக்கு அது போதும். உள்ளே போய்விட்டாள்.

அப்பா வலத் தோளை இடக் கையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார். கண் சொருகியது.

"போகட்டும்" என்றார். "அந்தத் தோளும் கொஞ்ச நாள் சுமக்கட்டும்."

அப்படியே தூங்கிவிட்டார். மடியிலிருந்து தொகுப்பு சரியாமல் எடுத்து மூடி வைத்தேன். திங்கட்கிழமைக்கு இருநூறு மோட்டார் தகடு பாக்கி இருந்தது.